துப்பாக்கியும் வாக்குச்சீட்டும்: அமெரிக்காவில் ஓர் அடையாளம் உருவான விதம்

1990 நவம்பரில் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், இன்று நினைத்துப் பார்க்கவும் முடியாத ஒரு தேர்தல் நடந்தது. பிரதிநிதிகள் அவையில் அந்தச் சிறிய மாநிலத்துக்கு ஒரே ஓர் இடம்தான். அதை வைத்திருந்தவர் குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித். பதவிக்கு வந்தபின், சில வகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் மசோதாவை அவர் ஆதரித்தார். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசிய ரைஃபிள் சங்கம் அவருக்கு எதிராகக் களமிறங்கியது. ஸ்மித் தோற்றார். வென்றவர், தன்னைச் சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட பெர்னி சாண்டர்ஸ். தோல்விக்கு அது ஒன்றே காரணமில்லை. ஆனாலும் துப்பாக்கி உரிமைக்காக ஒரு குடியரசுக் கட்சிக்காரரைத் தோற்கடித்து, அதனால் ஒரு சோஷலிஸ்ட் பயனடைவது அன்று யாருக்கும் முரணாகத் தோன்றவில்லை. துப்பாக்கி அப்போது முழுமையாக ஒரு கட்சியின் சொத்தாகியிருக்கவில்லை.

இன்றைய நிலை வேறு. பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கின்படி, அமெரிக்காவில் வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். குடியரசுக் கட்சியினரிடமும் அதன் பக்கம் சாய்பவர்களிடமும் இது 45 விழுக்காடு. ஜனநாயகக் கட்சித் தரப்பில் 20. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஊரும் பாலினமும். அதே கணக்கெடுப்பில் கிராமப்புறத்தாரிடம் 47 விழுக்காடு, நகரவாசிகளிடம் 20. ஆண்களில் 40, பெண்களில் 25. கிராமத்து ஆண்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், அவர்களிடமே துப்பாக்கியும் இருக்கிறது, அவ்வளவுதான் என்பது இந்த வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் இது பாதி விளக்கம்தான். வெர்மாண்ட் கிராமங்கள் மிகுந்த, வேட்டைப் பழக்கம் ஊறிய மாநிலம். அதே வெர்மாண்ட் 1992 முதல் எல்லா அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியையே தேர்ந்தெடுத்திருக்கிறது. இதைவிட முக்கியமானது காலம். 1970களில் ஏறக்குறைய பாதி வீடுகளில் துப்பாக்கி இருந்தது. 2010களில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. உடைமை சுருங்கியபோது கட்சியோடு அதன் பிணைப்பு தளர்ந்திருக்க வேண்டும். மாறாக இறுகியது. 1972 முதல் 2012 வரையிலான அதிபர் தேர்தல்களை ஆராய்ந்த மார்க் ஜோஸ்லினும் அவரது சகாக்களும், ஒருவர் யாருக்கு வாக்களிப்பார் என்று கணிக்கத் துப்பாக்கி உடைமை மேலும் மேலும் உதவியதைக் காட்டினார்கள். மக்கள்தொகைக் கூறுகளை மட்டும் வைத்து இந்த ஏற்றத்தை விளக்க முடியாது.

ஆகவே வரலாற்றுக்குப் போக வேண்டும். தேசிய ரைஃபிள் சங்கத்தை 1871இல் நியூயார்க்கில் தொடங்கியவர்கள், உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் நின்ற அதிகாரிகள். வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியவில்லையே என்பதே அவர்களது கவலை. 1967இல் கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கிகளோடு கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டு, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் கலிபோர்னியா ஆளுநர் ரொனால்டு ரீகன். 1972இல் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கையே மலிவான கைத்துப்பாக்கிகள் குற்றவாளிகளிடம் சேராமல் தடுப்பதைப் பற்றிப் பேசியது.

திருப்பம் 1977 மே மாதம் சின்சினாட்டியில். தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி, வேட்டை, வெளிப்புறப் பொழுதுபோக்கு என்ற திசையில் சங்கத்தைக் கொண்டுபோக அன்றைய நிர்வாகிகள் விரும்பினார்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு ஆரஞ்சு நிறத் தொப்பியணிந்து வந்த அதிருப்தியாளர்கள், விதிமுறைகளைக் கையிலெடுத்து விடியற்காலை வரை கூட்டத்தை நடத்தி, பழைய தலைமையை அகற்றி ஹார்லன் கார்ட்டரை அமர்த்தினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1980இல், சங்கம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஓர் அதிபர் வேட்பாளருக்கு ஆதரவு அறிவித்தது. அவர் அதே ரீகன்.

அரசியல் ஆய்வாளர் மேத்யூ லகோம்ப் தம் நூலில், சங்கத்தின் இதழ்த் தலையங்கங்களைப் பல பத்தாண்டுகளுக்கு அலசி, துப்பாக்கி வைத்திருப்பவர் என்ற தனி அடையாளத்தைச் சங்கமே வளர்த்தெடுத்தது என்று வாதிடுகிறார். இதை ஏற்கிறேன், போதாது என்றும் நினைக்கிறேன். விதை எவ்வளவு நல்லதானாலும் மண் பதப்பட வேண்டும். 1999இல் துப்பாக்கி வைத்திருக்க முதன்மைக் காரணம் வேட்டை என்றவர்கள் 49 விழுக்காடு, பாதுகாப்பு என்றவர்கள் 26. 2013இல் பாதுகாப்பு 48 ஆனது; வேட்டை 32க்கு இறங்கியது. மான் வேட்டைக்கான ரைஃபிள் ஆண்டு முழுக்க அலமாரியில் கிடந்து, பருவம் வந்தால் வெளியே வரும். படுக்கையோர இழுப்பறையில் குண்டு நிரப்பி வைத்த கைத்துப்பாக்கி அப்படியில்லை. யாருக்குப் பயந்து இதை வைத்திருக்கிறாய் என்று ஒவ்வொரு இரவும் அது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தரக் கட்சிகள் காத்திருக்கின்றன.

காரணமும் விளைவும் ஒரே திசையில் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜனநாயகக் கட்சியின் ஒபாமா வென்றபோது துப்பாக்கி விற்பனை ஏறியது. டிரம்ப் பதவியேற்ற 2017இல் சரிந்தது. மறு ஆண்டு துப்பாக்கி தயாரிக்கும் ரெமிங்டன் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அரசியலும் துப்பாக்கி வாங்க வைக்கிறது. அதே சமயம், 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். பொருளே கட்சியைத் தீர்மானிக்குமானால் இவர்களது வாக்கு மாற வேண்டும். அடையாளம் தனியாகக் கட்டப்படுவது என்றால், துப்பாக்கி கைக்கு வந்தபின்னும் பலர் பழைய கட்சியிலேயே இருப்பார்கள். என் வாதத்துக்கு இவர்களே உரைகல்.

இந்தப் பிணைப்பு என்னைக் கலங்கடிப்பதற்குக் காரணம் தேர்தல் அல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதாவது பாதிக்கும் மேல். அப்படித் தற்கொலை செய்துகொண்டவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையின ஆண்கள். எந்தச் சமூகத்தின் பெயரால் துப்பாக்கி அரசியலாக்கப்பட்டதோ, அதே சமூகம்தான் துப்பாக்கித் தற்கொலையில் அதிகம் சாகிறது. மருத்துவர் நோயாளியிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பதையே 2011இல் ஃபுளோரிடா சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2017இல்தான் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. உயிர்காக்கும் கேள்வியும் கட்சிக் கேள்வியாகிவிட்டது.

ஆனால் வேறு வழியும் தெரிந்திருக்கிறது. 2009இல் நியூ ஹாம்ப்ஷயரில், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூவர், ஒரு வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு துப்பாக்கி வியாபாரிகளும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். மனமுடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்க மறுப்பது என்று வியாபாரிகளுக்கான குறிப்புகளும் சுவரொட்டிகளும் தயாராயின. சில ஆண்டுகளில் நேரில் போய்ப் பார்த்தபோது, மாநிலத்தின் ஏறக்குறைய பாதிக் கடைகளில் அவை ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டியவர்களிடம் அவர்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.