பிஸ்டன் கதவும் என் அவசரமும்

ஜொகூரில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர் இருவர் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரே வரைபடத்தைப் பார்த்து பிஸ்டன் கதவு கட்டினர். கணினியில் திறந்தது, கைப்பேசியில் அசையவில்லை. கைப்பேசியில் கட்டியவனைக் கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன்.

பெற்றோர்களே, வரலாறு வேறு. 2011இல் பிஸ்டன் சேர்க்கப்பட்டபோது கதவின் விதியே அதற்கும் வாய்த்தது. கதவு இரு கட்டை உயரம். மேற்பாதிக்கு ஆற்றல் வந்தாலும் திறக்கும். பிஸ்டனோ ஒற்றைக் கட்டை. ஆயினும் தலைக்கு மேலுள்ள வெற்றிடத்திற்கு வரும் ஆற்றலையும் தனதாக்கிக்கொண்டது! 2013இல் வந்த ரெட்ஸ்டோன் கட்டையை ஓரிடம் விட்டு மேலே வைத்தால், அருகில் ஏதேனும் மாறும்வரை பிஸ்டன் வாளாவிருக்கும். பிறகு திடீரென நீளும். இதை நம்பியே பலர் பொறிகள் கட்டினர். ஜாவா பதிப்பில் அது நீக்கப்படவில்லை. தனியே எழுதப்பட்ட கைப்பேசிப் பதிப்பில் ரெட்ஸ்டோன் 2015இல்தான் சேர்ந்தது. இவ்வியல்பு அதில் இல்லை.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.