புறநானூறும் கட்டாயப் படைப்பணியும்

நாட்டிற்கு இடர் நேருங்கால் இளைஞர் அனைவரும் படைப்பணி ஆற்றுதல் வேண்டும் என வலியுறுத்துவோர், பொன்முடியார் பாடிய புறநானூற்று 312-ஆம் செய்யுளை எடுத்துக்காட்டுதல் நம்மிடையே பெருவழக்காயிற்று. பண்டைத் தமிழகத்தில் போர்த்தொழில் குடிகள் அனைவர்க்கும் உரிய கட்டாயக் கடமையாக இருந்தது என்றும், அதற்கு இச்செய்யுளே சான்று என்றும் கூறுவர். முதுகலை மாணவர் கட்டுரைகளிலும் இக்கருத்து ஆண்டுதோறும் தவறாது இடம்பெறுகின்றது. யானும் சில ஆண்டுகள் வகுப்பில் அவ்வாறே கூறியதுண்டு. செய்யுளை மீண்டும் ஊன்றி நோக்கியபொழுது அக்கூற்றுக்கு அதனுள் இடமில்லை எனத் தோன்றியது. அதன் காரணங்களை ஈண்டு எடுத்துரைப்பல்.

கட்டாயப் படைப்பணி என்பது யாது என முதற்கண் தெளிதல் வேண்டும். அது பிறப்பும் தொழிலும் நோக்காது, குடிமகன் என்னும் ஒரே காரணம் பற்றி, அரசு தன் சட்டத்தால் சுமத்துவது; மறுப்பவர்க்கு ஒறுப்பும் உடையது. இந்நிலை அண்மைக் காலத்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாட்டு மக்கள் அனைவரையும் போர்ப்பணிக்கு உரியராக்கி ஆணை பிறப்பித்தனர். 1798-இல் இயற்றப்பட்ட சூர்தான் சட்டம் 20 முதல் 25 அகவை வரையிலான ஆடவரைப் படைக்கு உரியராக்கியது. பிரசியா 1814-இல் இந்நெறியை மேற்கொண்டது. ‘குடிமகன்’ என்னும் சொல்லே நம் ஊர்வழக்கில் நாவிதரைக் குறித்து நின்றது என்பதையும், அரசியல் உரிமையுடையோன் என்னும் பொருள் அதற்குப் பிற்காலத்தே வந்தது என்பதையும் மாணவர் மறத்தலாகாது. சொல்லே இல்லாத காலத்தில் அப்பொருளைத் தேடுவோர் மிக விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இனிச் செய்யுளுக்கு வருவோம். பொன்முடியார் ஐவரின் கடன்களை அடுக்கிக் கூறுகின்றார். ஈன்று வளர்த்தல் தாய்க்கும், சான்றோனாக்குதல் தந்தைக்கும், வேல் வடித்துத் தருதல் கொல்லனுக்கும், அடுத்ததொரு கடன் வேந்தனுக்கும், களிறு எறிந்து மீளுதல் காளைக்கும் உரியன என்பது அவர் கருத்து. ‘சான்றோன்’ என்பதற்கு அறிவொழுக்கம் நிறைந்தவன் என நாம் இன்று பொருள் கொள்ளினும், பதிற்றுப்பத்தில் அச்சொல் போர்வீரரைக் குறித்தலுண்டு. அந்நூலின் பழைய உரையாசிரியரும் அவ்வாறே உரைத்தார். அப்பொருள் கொள்ளின், மகனை வீரனாகப் பயிற்றுபவன் தந்தையே என்பது போதரும். அரசின் பயிற்சிக்களம் ஈண்டு இல்லை. தந்தை வீரனாயிருந்தாலன்றி மகனை வீரனாக்குதல் இயலாது. எனவே இது வழிவழியாகப் போர்த்தொழில் பூண்ட ஓர் இல்லத்தின் செய்தியாகின்றது.

மற்றும், இச்செய்யுளிலேயே போருக்குச் செல்லாதான் ஒருவன் இடம்பெறுகின்றான். அவன் கொல்லன். அவன் கடன் வேல் வடித்துத் தருதலோடு முடிகின்றது. அவனைக் களத்திற்குச் செல்க எனப் புலவர் கூறவில்லை. அனைவர்க்கும் பொதுவான கடமையைக் கூறுவது புலவர் கருத்தாயின், தொழில்தோறும் கடனைப் பிரித்துரைக்க வேண்டா. காளையின் கடனும் களத்தில் மாய்தல் அன்று, மீளுதலே என்பதை மேடையில் எடுத்துக்காட்டுவோர் பலர் விட்டுவிடுகின்றனர்.

வேந்தன் கடனைக் கூறும் அடியில் ‘நன்னடை’ என்றும் ‘தண்ணடை’ என்றும் இருவகைப் பாடங்கள் உண்டு. முன்னது நல்லொழுக்கத்தையும் பின்னது மருதநிலத்து ஊரையும் குறிக்கும். புறநானூற்றின் முதல் 266 செய்யுள்களுக்கே பழையவுரை கிடைத்துள்ளமையின், 312-ஆம் செய்யுளுக்கு அவ்வுரையின் துணை இல்லை. எனவே நூலின் பிற இடங்களைக் கொண்டே துணிதல் வேண்டும். 287, 297 ஆகிய செய்யுள்கள் வீரர் தண்ணடை பெறுதலைக் கூறுகின்றன. 297-ஆவது செய்யுளிலோ, வறண்ட சீறூர் வேண்டா, நீர்வளமுடைய ஊரே எமக்கு உரியது எனத் தெரிந்து கேட்கும் குரல் ஒலிக்கின்றது. ஊதியத்தைத் தெரிந்து கேட்போரைக் கட்டாயத்தால் பிடித்துச் செல்லப்பட்டோர் எனக் கருதுதல் எங்ஙனம்? ‘தண்ணடை’ என்னும் பாடமே பொருத்தமுடையதென யான் துணிவேன். அங்ஙனமாயின் வேந்தனும் கடன்பட்டவனாகின்றான். நிலம் தாராத வேந்தனுக்கு வேல் ஏந்துதல் காளைக்குக் கடன் ஆகாது.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் செய்யுளும் இவ்வாறே தவறாக ஆளப்படுகின்றது. தமையனையோ தந்தையையோ முன்னொரு போரிலும், கணவனை நேற்றைய போரிலும் இழந்த ஒருத்தி, இன்று பறையொலி கேட்டவுடன் தன் ஒரே மகனின் கையில் வேல் கொடுத்து விடுக்கின்றாள். புலவர் அவளை மூதில் மகள் எனச் சுட்டுகின்றார், துறையும் மூதின்முல்லை. மூதில் என்பது தொன்மையான மறக்குடி. எல்லா மனைகளும் மூதில்லாயின் அச்சொல்லுக்குச் சிறப்பு யாது? புலவர் வியந்து பாடியதே அச்செயல் பொதுவியல்பு அன்மையைக் காட்டும். அச்செய்யுளில் வேந்தன் ஆணையும் இல்லை. பறையொலி மட்டுமே உண்டு.

ஆணை இல்லை என்பதால் வற்புறுத்தல் இல்லை எனவும் கூறிவிட இயலாது. 278-ஆம் செய்யுளில், மகன் புறங்கொடுத்தான் எனக் கேட்ட முதியவள் தன் முலையை அறுத்திடுவேன் எனச் சினந்து களம் புகுகின்றாள். சட்டம் செய்யாததை மறக்குடியின் நாண் செய்தது. அத்தகைய இல்லத்தில் பிறந்த மென்மனத்து இளைஞன் ஒருவன் யாது செய்திருப்பான் எனப் புலவர் எவரும் பாடவில்லை. நம் இலக்கியத்தின் இந்த மௌனத்தை வீரத்திற்கு மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் நேர்மையன்று.

உழவர் கடன் யாது என்பதற்குப் புறநானூற்றிலேயே விடை உண்டு. வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனைப் பாடிய 35-ஆம் செய்யுள், படை தரும் வெற்றியும் ஏர்ச்சாலின் விளைவே என அறிவுறுத்தி, உழுகுடியைக் காக்குமாறு வேண்டுகின்றது. அதனைப் பாடிப் பழஞ்செய்க்கடன் வீடுகொண்டார் எனக் கொளு கூறும். கொளு பாடலினும் பிற்பட்டதாகலாம். எனினும் அதில் உழுகுடியின் கடன் நிலவரியாகவே கருதப்பட்டது என்பது தெளிவு. ஏரோர் பொருளால் படையைத் தாங்கினர். மறக்குடியினர் உடலால் தாங்கினர். தொல்காப்பியர் வாகைத் திணையைப் பார்ப்பனர், அரசர், ஏனோர், அறிவர், தாபதர், பொருநர் எனப் பகுத்து, அவரவர் தொழிற்சிறப்பையே வெற்றியாகக் கூறியதும் இதனோடு இயையும்.

முல்லைப்பாட்டின் பாசறையில் வேந்தனுக்குக் காவலாக யவனரும், தமிழ் பேச அறியாத மிலேச்சரும் நிற்கின்றனர். குடிகள் அனைவரும் வீரராயின் அயல்நாட்டாரை அருகில் நிறுத்த வேண்டுவதின்று. குறள் 762-இன் உரையில் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகை கூறி, வழிவழி வந்த மூலப்படையையே சிறந்ததென்றார். இவற்றுள் நாட்டுப்படையைக் குடிகளின் படை எனக் கொள்ள விரும்புவோர், கௌடலியர் கூறும் அறுவகையில் அதற்கு நேராக நிற்பது தொழிற்குழுவினரின் சிரேணிப்படை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

எனினும் ஓரிடத்தில் எதிர்தரப்பினர்க்கு யான் இடம் கொடுப்பேன். ஊர் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தவழி மீட்கும் கரந்தைப் போர் வேந்தனுடைய போரன்று, ஊரின் போர். 2006-இல் கண்டெடுக்கப்பட்ட புலிமான்கோம்பை நடுகல்லின் தமிழ்ப் பிராமி எழுத்துகளில் ‘ஆகோள்’ என்னும் சொல் காணப்படுகின்றது. இத்தகைய பூசலில் குடிப்பிறப்பு நோக்காது வலியுடையோர் பலரும் சென்றிருத்தல் கூடும். எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தியோடு கோவிவன் என்னும் நாயும் போற்றப்படுகின்றது. அதனை எவ்வாணையும் களத்திற்கு அனுப்பியிராது!

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு பொதுநோக்கிற்காகக் கட்டாயப் பணி சுமத்த அரசுக்கு இடம் தருகின்றது. ஆயின் சமயம், இனம், சாதி, வகுப்பு என்பன பற்றி வேறுபாடு காட்டலாகாது என அப்பிரிவே விலக்குகின்றது. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டபொழுதும், 1968-இல் அது விருப்பத்திற்கு விடப்பட்டபொழுதும், குடிப்பிறப்பு வினாவாகவில்லை. இன்று அனைவர்க்கும் படைப்பணி வேண்டும் என்போர் இச்சமநிலையின்மேல் தம் வாதத்தை நிறுத்தலாம். பொன்முடியாரைத் துணைக்கு அழைப்பின், பிறப்பால் அமைந்த கடனையும், நிலம் தரும் வேந்தனையும் உடன் அழைத்தவராவர்.

செங்கம் முதலிய இடங்களின் நடுகற்களில் பெயர் பொறிக்கப்பட்டோர் எத்தலைவர்க்கு உரிய சேவகர், எவ்வூரினர், எப்பூசலில் வீழ்ந்தனர் என்பனவற்றை நிரல்படத் தொகுத்தால், வேந்தன் போரில் வீழ்ந்தோர்க்கும் ஊர்ப்பூசலில் வீழ்ந்தோர்க்கும் இடையே குடிவேறுபாடு உண்டா என்பது புலனாகும். முதுகலை மாணவர் ஒருவர் ஈராண்டில் முடிக்கத்தக்க பணி அது.