ஹியூலி சீமாட்டி அறக்கட்டளை

ஹியூலி சீமாட்டி அறக்கட்டளை என்பது இங்கிலாந்தின் யார்க் நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட ஒரு புரட்டஸ்தாந்த அறநிலையம் ஆகும். அரசுத் திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத ஏழைப் போதகர்களுக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் உதவித்தொகை வழங்குவது இதன் முதன்மைப் பணியாகும். இவ்வுதவிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் யார் என்ற கேள்வி 1830 முதல் 1842 வரை நீதிமன்றங்களில் வழக்காக நடைபெற்றது. அறக்கட்டளையின் பெயர் இன்றும் சட்ட நூல்களில் இடம்பெறுவதற்கு இவ்வழக்கே காரணம்.

நிறுவனர்

சாரா ஹியூலி (1627–1710) யார்க் நகரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் சர் ஜான் ஹியூலியின் மனைவி ஆவார். கணவர் 1697 இல் இறந்தார். பெருஞ்செல்வம் இருந்தும் அதற்கு உரிய பிள்ளைகள் எவரும் எஞ்சியிருக்கவில்லை.

சாரா பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். 1662 ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டத்தை ஏற்க மறுத்த ஏராளமான போதகர்கள் பதவியையும் வருவாயையும் இழந்திருந்தனர். 1689 இல் இயற்றப்பட்ட சகிப்புச் சட்டம் இத்தகையோருக்கு வழிபாட்டு உரிமை அளித்தது. வருவாய்க்கு வழி செய்யவில்லை. சபையார் மனமுவந்து கொடுப்பதைக் கொண்டே போதகர் வாழவேண்டியிருந்தது. சிற்றூர்களில் இது பெரும்பாலும் வறுமையையே குறித்தது. இச்சட்டத்தில் மற்றொரு வரையறையும் இருந்தது. திரித்துவக் கொள்கையை மறுப்போருக்கு இதன் பாதுகாப்பு கிடையாது. நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலம் கழிந்த பின்னர் இவ்வரையறையே வழக்கின் உயிர்நாடியாயிற்று.

அறக்கட்டளைப் பத்திரங்கள்

1704, 1707 ஆம் ஆண்டுப் பத்திரங்களின் வழியாகச் சாரா யார்க்சயரில் இருந்த தம் நிலங்களை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். நிலங்களின் வருவாய், கிறிஸ்துவின் நற்செய்தியைப் போதிக்கும் ஏழைகளான, பக்தியுள்ள போதகர்களுக்கும், அத்தகையோரின் கைம்பெண்களுக்கும், வறிய இடங்களில் நற்செய்திப் பணிக்கும், போதகப் பணிக்குப் பயிலும் இளைஞர்களின் கல்விக்கும் செலவிடப்பட வேண்டும் என்று அவை கூறின. பக்தியுள்ள போதகர் என்பவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர், எந்தக் கொள்கையை ஏற்றவர் என்று பத்திரத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய தேவை இருப்பதாக அன்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள்.

யார்க்கில் அவர் நிறுவிய ஏழையர் இல்லத்திற்கோ விதிகள் விரிவாக வகுக்கப்பட்டிருந்தன. அங்கு இடம்பெற விரும்புவோர் கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், எட்வர்ட் போல்சு என்ற யார்க் போதகர் இயற்றிய ஞானோபதேச வினாவிடை ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். சிறியதாகத் தோன்றும் இவ்விதி பின்னர் நீதிமன்றத்தில் நிறுவனரின் சமய நம்பிக்கைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

கொள்கை மாற்றம்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரெஸ்பிட்டேரியன் சபைகள் பல கால்வினியக் கொள்கையிலிருந்து படிப்படியாக விலகின. கடவுள் ஒருவரே, இயேசு கடவுள் அல்லர் என்னும் யூனிட்டேரியன் கொள்கையை அவை வந்தடைந்தன. எவரும் சபையை விட்டு வெளியேறவில்லை. சபைகளே உள்ளிருந்து மாறின. காலியாகும் அறங்காவலர் இடங்களை எஞ்சிய அறங்காவலர்களே நிரப்பி வந்தமையால், 1820களில் ஹியூலி அறங்காவலர்களுள் பெரும்பாலோர் யூனிட்டேரியர்களாக இருந்தனர். மரபுவழிக் கொள்கையுடைய போதகர்களும் இக்காலத்தில் உதவி பெற்றே வந்தனர். ஆயினும் பணம் யாருடைய கையில் இருந்தது என்பதே சிக்கலாயிற்று.

வழக்கு

1824 இல் மான்செஸ்டரில் நடைபெற்ற ஒரு பிரிவுபசார விருந்தில் ஜார்ஜ் ஹாரிஸ் என்ற யூனிட்டேரியன் போதகர் மரபுவழிக் கொள்கையினரைக் கடுமையாகச் சாடிப் பேசினார். செய்தித்தாள்களில் மறுப்புகளும் மறுமொழிகளும் தொடர்ந்தன. காங்கிரிகேஷனல் சபையைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஹாட்பீல்டு, மரபுவழியினர் நிறுவிய அறநிலையங்களை யூனிட்டேரியர்கள் வைத்திருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். 1830 இல் அரசுத் தலைமை வழக்கறிஞரின் பெயரில் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

யூனிட்டேரியர் தரப்பு வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியது அன்று. கொள்கை உறுதிமொழி எதையும் நிறுவனர் கேட்கவில்லை. ஆதலால் ஒவ்வொரு தலைமுறையும் தன் மனச்சான்றின்படி வேதத்தை ஆராய அவர் இடம்விட்டார் என்பது அவர்கள் நிலைப்பாடு. எதிர்த்தரப்பு, 1704 இல் திரித்துவத்தை மறுப்பது சட்டவிரோதம். அம்மறுப்புக்கு எதிரான தண்டனைகள் 1813 இல்தான் நீக்கப்பட்டன. எனவே நிறுவனர் அத்தகையோரை எண்ணியிருக்க முடியாது என்றது. 1833 இல் துணைச் சான்சலர் சாட்வெல்லும், 1836 இல் லிண்டர்ஸ்ட் பிரபுவும் யூனிட்டேரியர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பிரபுக்கள் அவை 1842 இல் இதனை உறுதி செய்தது. யூனிட்டேரியர்கள் அறங்காவலர் பதவியையும் உதவி பெறும் தகுதியையும் ஒருங்கே இழந்தனர்.

'ஷோர் எதிர் வில்சன்' எனப்படும் இவ்வழக்கில் தலைமை நீதிபதி டிண்டால் அளித்த கருத்துரை, பழைய ஆவணங்களுக்குப் பொருள் கொள்ளும் முறை பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. பத்திரத்தின் சொற்கள் எழுதப்பட்ட காலத்தில் எப்பொருளில் வழங்கின என்பதற்கு வெளிச்சான்று காட்டலாம். எழுதியவரின் மனத்தில் இருந்தது இதுவெனத் தனியே சான்று காட்டிச் சொற்களை மாற்ற இயலாது என்பது அதன் சாரம்.

விளைவுகள்

இத்தீர்ப்பை அடியொற்றி நூற்றுக்கணக்கான யூனிட்டேரியன் ஆலயங்களும் பறிபோகும் என்ற அச்சம் எழுந்தது. முன்னோரைப் புதைத்த இடமே பிறர் கைக்குச் செல்லக்கூடும் என்ற நிலையில், பீல் அரசாங்கம் 1844 இல் கருத்துவேறுபாட்டாளர் ஆலயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 25 ஆண்டுகளாக ஓர் ஆலயத்தில் நிலவிவரும் கொள்கையை, பத்திரம் வெளிப்படையாகத் தடை செய்யாதவிடத்து, கேள்விக்கு உட்படுத்த முடியாது என்று அது விதித்தது. யூனிட்டேரியன் கொள்கையில் சற்றும் உடன்பாடில்லாத கிளாட்ஸ்டன் இச்சட்டத்தை ஆதரித்துப் பேசினார். யார்க்கில் சாரா வழிபட்ட செயிண்ட் சேவியர்கேட் ஆலயம் யூனிட்டேரியர்களிடமே நிலைத்தது. அவருடைய பணம் மட்டும் அவர்களிடமிருந்து நீங்கியது.

வெற்றி பெற்றோரிடையேயும் உடனே அமைதி ஏற்படவில்லை. பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் ஆகியோர் பங்கு குறித்துத் தமக்குள் வழக்காடினர். இவர்களுள் முதலிருவரின் இங்கிலாந்துச் சபைகள் 1972 இல் இணைந்து ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை ஆயின.

தற்கால உதவிகள்

அறக்கட்டளை இன்றும் இயங்குகின்றது. ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை, காங்கிரிகேஷனல், பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்த, பொருள் நெருக்கடியில் உள்ள போதகர்கள், ஓய்வுபெற்ற போதகர்கள், இறந்த போதகர்களின் துணைவர்கள் ஆகியோர் இதன் உதவியைப் பெறுகின்றனர். வட இங்கிலாந்தைச் சேர்ந்தோருக்கு முன்னுரிமை உண்டு. உதவி தனியாளின் தேவைக்கே உரியது. ஆலயம் கட்டவோ பழுதுபார்க்கவோ இதனிடம் பணம் கோருவதில் பயனில்லை. இருப்புப்பாதை நிலையத்திற்காக டேனர் ரோவிலிருந்து அகற்றப்பட்ட ஏழையர் இல்லம், செயிண்ட் சேவியர்கேட் தெருவில் 1840 அளவில் மீண்டும் கட்டப்பட்டது.