டென்மார்க் பண்ணைகளின் மருந்துக் கணக்கு

1940களின் இறுதியில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில், ஆரியோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கசடு கலந்த தீவனத்தைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வழக்கத்தைவிட விரைந்து எடைகூடின. நோயுற்ற உயிருக்கு உரிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை நலமுள்ள விலங்குகளுக்கும் நாள்தோறும் சிறிதளவு ஊட்டும் வழக்கம் அதன்பின் பரவியது; 1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு எச்சரித்தும், 1986இல் சுவீடன் தடைசெய்தும், ஐரோப்பாவின் பிற பகுதிகளில் அது நீடித்தது.

பன்றி இறைச்சி ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் டென்மார்க்கில், 1994ஆம் ஆண்டில், பிற மருந்துகள் பயனற்றபோது மருத்துவர்கள் நாடும் வான்கோமைசின் மனிதருக்கு 24 கிலோ மட்டுமே செலவாக, அதே குடும்பத்தைச் சேர்ந்த அவோபார்சின் 24,000 கிலோ தீவனத்தில் கலக்கப்பட்டது. ஒன்றுக்குப் பழகிய பாக்டீரியா மற்றொன்றுக்கும் மசியாது என்பதால், 1995இல் அவோபார்சின் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில், விலங்கு, இறைச்சி, மனிதர் ஆகிய மூவிடத்தும் மாதிரிகளைச் சோதித்து, மருந்துப் பயன்பாட்டையும் எதிர்ப்புத்திறனையும் சேர்த்துப் பதிவுசெய்யும் டான்மேப் திட்டம் தொடங்கியது. கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று ஈட்டும் லாபத்துக்கும் வரம்பு வந்தது. தடையே பெரிதாகப் பேசப்படுகிறது எனினும், மேலான சாதனை இந்தப் பதிவேடுதான்.

இறைச்சிக் கோழிகளின் குடலில் வாழும் என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்களுள் வான்கோமைசினுக்கு மசியாதவை, 1995இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காக இருந்து, 2000க்குள் நூற்றுக்கு ஆறு என்னும் அளவுக்குச் சரிந்தன. பன்றிகளிலோ அவோபார்சின் நின்ற பிறகும் அவை ஐந்தில் ஒரு பங்கு அளவில் அசையாது நின்றன. அந்தப் பாக்டீரியாக்களில் வான்கோமைசினை எதிர்க்கும் மரபணுவும், டைலோசின் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட் எனப்படும் ஒரே டிஎன்ஏ வளையத்தில் அமைந்திருந்தமையால், பன்றித் தீவனத்தில் தொடர்ந்து கலக்கப்பட்ட டைலோசின் இரண்டையும் ஒருசேரக் காத்துவந்தது. 1998, 1999 ஆண்டுகளில் டைலோசின் குறைந்த பின்னரே அவையும் குறைந்தன. ஆண்டுதோறும் எண்ணிப் பாராதிருந்தால், தடை பயனற்றது என்ற தவறான முடிவே நிலைத்திருக்கும்.

வளர்ச்சிக்காக மருந்து ஊட்டுவது 2000க்குள் டென்மார்க்கில் முற்றும் நின்றது. ஐரோப்பிய ஒன்றியம் அந்நிலையை 2006இல்தான் எட்டியது. எனினும் பால்மறந்த குட்டிகளின் வயிற்றுப்போக்குக்காகச் சிகிச்சை மருந்தின் அளவு ஏறத் தொடங்கியதை, ஒவ்வொரு பண்ணைக்கும் வழங்கப்படும் மருந்தைக் குறித்துவைக்கும் வெட்ஸ்டாட் பதிவேடு காட்டிக்கொடுத்தது. அதன் துணைகொண்டு, சராசரியைவிட இருமடங்கு மருந்து செலவிடும் பன்றிப் பண்ணைகளை எச்சரிக்கும் 'மஞ்சள் அட்டை' முறையை அரசு 2010இல் கொண்டுவந்ததும் பயன்பாடு மீண்டும் இறங்கியது.