‘காரணம் தெரியாத சிரோசிஸ்’: கல்லீரல் இரத்தக் குழாய் நோய்களை இனங்காண்பது குறித்து

திருவனந்தபுரம் கோட்டைக்குத் தெற்கே, ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் ஒருவர் இரத்த வாந்தி எடுத்தால் உதவி எட்டாத் தொலைவில் இல்லை. நகருக்குள்ளேயே பொது மருத்துவமனை. 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி. அதை ஒட்டியே, இரத்தக் குழாய்க்குள் குழல் செலுத்திச் செய்யும் சிகிச்சையில் நீண்ட அனுபவமுள்ள ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருப்பது தெரியும். பட்டை போட்டு இரத்தப்போக்கை நிறுத்துவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். மண்ணீரல் பெரிது, கல்லீரல் சற்றுக் கரடு என்று ஸ்கேன் சொன்னால் சீட்டில் ‘சிரோசிஸ்’ என்று எழுதுவது எங்கும் எளிது. குடிப்பவர் என்றால் காரணமும் கிடைத்துவிட்டது. குடியும் இல்லை, வைரஸும் இல்லை என்றால் ‘காரணம் தெரியாத சிரோசிஸ்’. தேடலை அங்கே நிறுத்தக் கூடாது என்பதே என் வாதம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. காரணம் புலப்படாமல், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையில் அழுத்தம் கூடியிருந்தவர்களின் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிரோசிஸே இல்லை. கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய வாயிற்சிரைக் கிளைகள் அடைபட்டிருந்தன. இந்த நோய் நமக்குப் புதிதும் அல்ல. ‘சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் ஃபைப்ரோசிஸ்’ என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கருத்தரங்கு 1969-இலேயே அதற்குப் பெயரிட்டது. மேலை நாட்டுப் பாடநூல்கள் அபூர்வம் என்று ஒதுக்கும் நோயை நாமும் அபூர்வம் என்றே படிக்கிறோம். தேடாததால் அது அபூர்வமாகவே இருந்துவிடுகிறது.

படுக்கையருகிலேயே கிடைக்கும் தடயங்கள் உண்டு. மண்ணீரல் மிகப் பெரிது, இரத்த வாந்தி பலமுறை வந்திருக்கிறது. ஆனால் அல்புமினும் பிலிரூபினும் ஏறக்குறைய இயல்பு. முற்றிய சிரோசிஸில் இந்தப் பொருத்தம் அரிது. செல்கள் நலமாக, குழாய்கள் மட்டும் கெட்டிருப்பதால் வரும் முரண் இது. ஃபைப்ரோஸ்கேனில் விறைப்பு 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தும் வாயிற்சிரை அழுத்தத்தின் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் குழாய் நோயை நினைக்க வேண்டும் என்று வாயிற்சிரை அழுத்தம் குறித்து நிபுணர்கள் எட்டி 2022-இல் வெளியான பவேனோ ஏழாம் கருத்தொருமிப்பும் சொல்கிறது.

அடைப்பு கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் வழியில் இருந்தால் கதை வேறு. அதுவே பட்–கியாரி நோய். வயிற்றில் நீர் கோக்கும், கல்லீரல் வீங்கும். கீழ்ப் பெருஞ்சிரையும் அடைபட்டால் காலும் வீங்கும், முதுகில்கூடச் சிரைகள் புடைத்துத் தெரியும். இங்கே நேரும் பிழை மிகவும் வேதனை தருவது. கோத்த நீரில் புரதம் அதிகம் என்று கண்டவுடன் வயிற்றுக் காசநோய் என முடிவு கட்டி, கல்லீரலையே தாக்கக்கூடிய காசநோய் மருந்துகளைத் தொடங்கிவிடலாம். இதைத் தவிர்க்க ஒரு கழித்தல் கணக்கு போதும். இரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்தால், டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ வருவது வாயிற்சிரை அழுத்தத்தின் அடையாளம். காசநோயில் அது பொதுவாகக் குறைவு. வித்தியாசம் கூடுதல், புரதமும் கூடுதல் என்றால் இதயத்தையும் கல்லீரல் சிரைகளையும் உடனே பார்க்க வேண்டும். சிரையில் குறுகிய சவ்வடைப்பு என்றால் பலூன் வைத்தே திறக்கலாம். மருந்தும் பலூனும் காப்பாற்றக்கூடிய கல்லீரலைத் தவறான பெயரால் இழப்பதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

சிரைகளைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டும் என்பாரும் உண்டு. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறது. விண்ணப்பச் சீட்டில்தான் கேள்வி இல்லை. ‘வயிறு ஸ்கேன்’ என்று மட்டும் எழுதினால் சிரைகளை யாரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ‘மூன்று கல்லீரல் சிரைகளும் திறந்திருக்கின்றனவா? வாயிற்சிரையில் ஓட்டம் எந்தத் திசையில்?’ என்று எழுதினால் பார்ப்பவர் கண் அங்கே போகும்.

நோயாளி என்ன சாப்பிட்டார் என்றும் கேட்க வேண்டும். 1970-களின் நடுவில், இன்றைய சத்தீஸ்கரிலுள்ள சர்குஜாவில் கல்லீரலின் நுண்சிரைகளை அடைக்கும் நோய் பரவி, கண்டறியப்பட்ட 67 பேரில் 28 பேர் இறந்தனர். சாமையோடு கலந்த கிலுகிலுப்பை இனச் செடியின் விதைகளே காரணம் என்று தெரியவந்தது. அதே வகை நஞ்சு தேள்கொடுக்குச் செடியிலும் உண்டு. கஷாயமும் பச்சிலையும் புழங்கும் கேரளத்தில், தமிழ்நாட்டிலும்தான், ‘என்ன மூலிகை சாப்பிட்டீர்கள்?’ என்று கடிந்துகொள்ளாமல் கேட்கும் மருத்துவருக்கே உண்மை கிடைக்கும்.

கடைசி முடிவு திசுப் பரிசோதனையில். துணுக்கு 2 சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். ரெட்டிகுலின் சாயமும் தேவை. குழாய் நோய் என்ற ஐயத்தை நோயியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘சிரோசிஸ் இல்லை’ என்ற அறிக்கையை ‘நோயே இல்லை’ என்று வாசிக்கும் அபாயம் இருக்கிறது. ஆகவே மருத்துவக் கல்லூரிகளின் கல்லீரல் பிரிவுகளுக்கு என் வேண்டுகோள்: கல்லீரல் சிரையையும் வாயிற்சிரையையும் பார்த்ததற்கான டாப்ளர் பதிவு இல்லாமல் ‘காரணம் தெரியாத சிரோசிஸ்’ என்று எந்த டிஸ்சார்ஜ் சீட்டிலும் எழுத அனுமதிக்காதீர்கள்.