பொதிக்குதிரை சென்ற வழி: பீக் பிரதேசத்து மலைச் சைக்கிள் பாதைகளின் சரித்திரம்

மலைச் சைக்கிள் என்னும் வாகனம் 1970-களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டிக் குன்றுகளில் சில இளைஞர்களின் விளையாட்டாகத் தோன்றி, 1981-இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயரோடு தொழிற்சாலைச் சரக்காகக் கடைக்கு வந்து, அந்தத் தசாப்தம் கழிவதற்குள் இங்கிலாந்தின் கடைவீதிகளையும் எட்டிவிட்டது என்பது பலரும் அறிந்த விஷயம். இக்கதையை மட்டும் கேட்பவர்கள், வாகனத்தோடு அது ஓடும் பாதையும் பிறந்தது என்று எண்ணிவிடுவது இயல்பே. ஆயினும் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே கரிய மணற்பாறை மேடுகளும் சதுப்புப் புல்வெளிகளுமாகக் கிடக்கும் பீக் பிரதேசத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இன்று சைக்கிள் செல்லும் பாதைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அவற்றுள் பெரும்பாலானவற்றை வகுத்தவை பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுப் பொதிக்குதிரைகளே என்பதும், அக்குதிரைத் தடங்களுள் எவை சைக்கிளுக்கு உரியவை, எவை அல்ல என்று தீர்மானித்தது 1950-களில் கிராம சபைகளில் கூடிய சிலரின் ஞாபகசக்தியே என்பதும் புலனாகும்.

சக்கரம் ஏற முடியாத மேடுகளில் சரக்கு ஏறியாக வேண்டியிருந்ததே இப்பாதைகளின் மூலகாரணம். செஷயரின் உப்பும், யார்க்ஷயரின் கம்பளியும், டெர்பிஷயரின் சுண்ணாம்பும் ஈயமும் பெனைன் மலைத்தொடரைக் கடந்தே சந்தைக்குச் செல்ல வேண்டும். மழை பெய்தால் வண்டியின் அச்சு வரை சேற்றில் புதையும் அம்மண்ணில், இருபதும் முப்பதுமாகக் குதிரைகளை வரிசையில் ஓட்டிச் செல்வதே வியாபாரிகளுக்கு உசிதமாகத் தோன்றிற்று. முன்செல்லும் குதிரையின் கழுத்தில் மணி கட்டப்பட்டிருந்தது. மூடுபனியில் பின்வருபவற்றுக்கு அதுவே வழிகாட்டி, குறுகிய வளைவில் எதிரே வரும் கூட்டத்துக்கு அதுவே எச்சரிக்கை. ஓடைகளின் மீது அக்காலத்தில் கட்டப்பட்ட வளைவுப் பாலங்களைப் பார்த்தால், இருபுறக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இல்லாதிருப்பதையோ, சுவரே இல்லாதிருப்பதையோ காணலாம். அது கொத்தனின் அலட்சியம் அன்று. விலாவின் இருபக்கமும் தொங்கும் மூட்டைகள் சுவரில் உராயாமல் குதிரை கடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இன்று அதே பாலத்தில் சைக்கிளின் அகன்ற கைப்பிடியும் இடிபடாமல் செல்கிறது. பாலத்தைக் கட்டியவன் இதைக் கனவிலும் கருதியிருக்க மாட்டான். ஸ்டானேஜ் முகட்டுக்கு ஏறும் பழைய கல்பாவிய தடத்தில், ஒரு குதிரை நடக்கும் அகலமே கொண்ட பலகைக் கற்கள் நடுவில் தொட்டிபோலத் தேய்ந்து கிடக்கின்றன. குளம்பும் அதன்பின் வந்தவையும் இழைத்த அக்குழியில் மழைநீர் தேங்கி நிற்கும்.

இவ்வழிகளில் திசை தெரியாமல் மாண்டவர்களும் உண்டு. குறுக்குச் சாலைகள் சந்திக்கும் இடங்களில் வழிகாட்டிக் கல் நட ஆணையிடும் அதிகாரத்தை 1697-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளுக்கு வழங்கியது. டெர்பிஷயர் நீதிபதிகள் 1709-இல் அவ்வாறே உத்தரவிட்டனர். அவ்வகைக் கற்களின் வழிவந்ததாகக் கருதத்தக்க ஒன்று, ஈடேல் பள்ளத்தாக்குக்கும் உட்லண்ட்ஸ் பள்ளத்தாக்குக்கும் இடைப்பட்ட மேட்டில் இன்றும் நிற்கும் ஹோப் கிராஸ். ஆளுயரத்துக்கும் சற்று மேற்பட்ட சதுரத் தூண். தலையில் ஒரு கல்தொப்பி. அதன் நான்கு முகங்களிலும் ஹோப், ஈடேல், கிளாஸப், ஷெஃபீல்டு என்ற நான்கு ஊர்ப்பெயர்களோடு 1737 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது நிற்கும் பாதையோ அதனினும் பழையது. நாவியோ, மெலாண்ட்ரா என்னும் இரு ரோமானியக் கோட்டைகளை இணைத்த சாலை அது. அங்கிருந்து ஈடேல் பக்கம் திரும்பினால் பாதை திடீரென்று ஜாகர்ஸ் கிளஃப் என்னும் ஓடைப் பள்ளத்தில் இறங்கி மீண்டும் ஏறுகிறது; பொதிக்குதிரை ஓட்டிகளுக்கு ஜாகர் என்பதே அவ்வட்டாரத்துப் பெயர். சனிக்கிழமை தோறும் அப்பள்ளத்தில் சைக்கிளை ஈரக் கற்களின் மேல் தடதடவென்று இறக்கி, அக்கரை ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்பவர்கள், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு உப்பு மூட்டையோடு அங்கே நின்ற குதிரையின் கஷ்டத்தைச் சரியாகவே உணர்வார்கள்.

ஈடேல் பள்ளத்தாக்கின் மேற்கு முனையிலுள்ள ஜேக்கப்ஸ் லேடர் இன்னும் சுவாரஸ்யமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர், குதிரைகளைச் சுற்றி வளையும் தடத்தில் ஏறவிட்டு, தாம் நேராக ஏறிச் சற்று இளைப்பாறுவதற்காகப் படி வெட்டினார் என்பது வழக்கு. படி நடப்பவனுக்கு, வளைவு குதிரைக்கு என்று அன்று அவர் செய்த பாகுபாடே, பின்னாளில் சட்டமும் செய்த பாகுபாடாக அமைந்தது.

சுங்கச்சாலைகள் வந்ததும் பொதிக்குதிரையின் காலம் சரியத் தொடங்கிற்று. கால்வாயும் ரயிலும் அதை முடித்து வைத்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாம் டோர் குன்றின் அடிவாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட சுங்கச்சாலை, ஓயாத மண்சரிவால் பலமுறை பழுது பார்க்கப்பட்டு, 1979-இல் வண்டிப் போக்குவரத்துக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. பழுதுபார்த்த ஒவ்வொரு முறையும் ஊற்றிய தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கும் அச்சாலையில் இன்று நடப்பவர்களும் சைக்கிள்காரர்களுமே செல்கின்றனர். குதிரைத் தடத்தை ஒழித்த சாலை தான் ஒழிந்து, குதிரைத் தடம் மட்டும் மேலே அப்படியே நிற்கிறது.

இனி சட்டத்தின் பக்கம் வருவோம். சைக்கிளும் ஒருவகை வண்டியே என்று 1879-இல் டெய்லர் எதிர் குட்வின் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1888-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதையே உறுதி செய்தது. சாலையில் செல்லும் உரிமை இதனால் சைக்கிளுக்குக் கிட்டியது. ஆனால் வண்டிக்கு உரிமையில்லாத குதிரைப்பாதையில் சைக்கிளுக்கும் உரிமையில்லை என்பது அதன் மறுபக்கம். உரிமையில்லாத இடத்தில் ஆசை வளர்வதை எச்சட்டமும் தடுத்ததில்லை. வேஃபேரர் என்னும் புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன் 1919-இல் வேல்ஸின் பெர்வின் மலைகளைப் பனியினூடே சைக்கிளோடு கடந்து அதைப்பற்றி எழுதியதும், அத்தகைய ரசனை கொண்டவர்கள் 1955-இல் லெமின்ஸ்டர் நகரில் கூடி ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்னும் சங்கத்தை நிறுவியதும் மலைச் சைக்கிள் பிறப்பதற்கு முற்பட்ட சம்பவங்கள். சாதாரணச் சைக்கிளைப் பாதித் தூரம் ஓட்டியும் பாதித் தூரம் தோளில் சுமந்தும் சென்ற இவர்களை இங்கிலாந்தின் மலைச் சைக்கிள் மரபுக்கு முன்னோர் எனின் மிகையாகாது. 1970-களின் இறுதியில், கலிபோர்னியச் சரக்கு வருமுன்பே, ஜெஃப் ஆப்ஸ் என்பவர் சில்டர்ன் குன்றுகளின் சேற்றுக்கென்றே தனி வகைச் சைக்கிளை வடிவமைத்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

நடப்பவர்களின் போராட்டமோ வேறு வழியில் சென்றது. 1932 ஏப்ரல் 24-ஆம் நாள், காட்டுக்கோழி வேட்டைக்காகப் பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் மான்செஸ்டர்த் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறி, அதற்காக ஐவர் சிறை சென்றனர். அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான பென்னி ராத்மன் அன்று ஹேஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது சைக்கிளில் என்பதை நினைக்கும்போது, பிற்காலத்துச் சட்டங்கள் அம்மேட்டைக் காலுக்குத் திறந்துவிட்டுச் சக்கரத்துக்கு மூடியே வைத்தது விசித்திரமாகப் படுகிறது.

1949-ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டமே இங்கே திருப்புமுனை. அதன்கீழ் 1951-இல் பீக் பிரதேசம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று என்பதைப் பலரும் சொல்வர். ஆனால் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது, அதே சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் தன் பொதுவழிகளை அளந்து அதிகாரபூர்வமான வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று விதித்ததுதான். கவுண்டி அந்த வேலையைப் பாரிஷ் கவுன்சில்கள் எனப்படும் கிராம சபைகளிடம் தள்ளியது. ஊர்ப்பெரியவர்கள் கூடி, இது நடைவழி, இது குதிரைப்பாதை என்று தாம் நினைவில் வைத்திருந்தபடி எழுதிக் கொடுத்தனர். குதிரை போய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்ட இடத்தில், பொதிக்குதிரை ஆண்டாண்டாக நடந்த தடமும் வெறும் நடைவழியாகவே பதிவாயிற்று. ஒரு பாரிஷ் குதிரைப்பாதை என்று எழுதியதை அடுத்த பாரிஷ் நடைவழி என்று எழுத, எல்லைக் கல்லில் வந்ததும் பாதையின் ஜாதி மாறிவிடும் அபத்தமும் நேர்ந்தது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அந்த எழுத்தே பின்னால் சட்டமாயிற்று.

1968-ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை வழங்கியது. நடப்பவருக்கும் குதிரை மேல் வருபவருக்கும் சைக்கிள் வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு வசதியாகப் பாதையைச் செப்பனிடும் கடமை எவருக்கும் இல்லை. மலைச் சைக்கிளைக் கனவிலும் காணாத பார்லிமெண்ட், கிராமத்து ஆள் சாதாரணச் சைக்கிளில் மெள்ளப் போவதை மனத்திற்கொண்டு செய்த சிறு சலுகை அது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அகன்ற டயர்களோடு வந்தவர்கள் அந்தச் சிறிய வாசல் வழியாகவே மலைக்குள் நுழைந்தனர். இன்றும் ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை விரித்தால், பச்சை நிறத்தில் குட்டைக் கோடுகளாக இருப்பவை நடைவழிகள், நீண்ட கோடுகளாக இருப்பவை குதிரைப்பாதைகள். சைக்கிள்காரரின் விரல் நீண்ட கோட்டை மட்டுமே தொடர்ந்து செல்லும். இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அவருக்கு உரியது. 2003-ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின் மூலம் ஸ்காட்லாந்து, பொறுப்போடு செல்பவர்க்குச் சைக்கிளிலும் பெரும்பாலான நிலத்தைத் திறந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டமோ மேய்ச்சல் மேடுகளை நடப்பவருக்கு மட்டுமே திறந்தது.

இந்நிலையில் புதிய பாதைகள் இரு விதமாகத் தோன்றின. வனத்துறை தன் சொந்தக் காடுகளில் சைக்கிளுக்கென்றே வளைவுகளும் இறக்கங்களும் செய்து கொடுத்தது ஒரு விதம். யார்க்ஷயரின் டால்பி காட்டில் 2010-இல் உலகக் கோப்பைப் பந்தயமே நடந்தது. மற்றொன்று, 1986-இல் மேரி டவுன்லி என்னும் மாது கார்பிரிட்ஜிலிருந்து ஆஷ்போர்ன் வரை குதிரையில் பிரயாணம் செய்து, பழைய குதிரைப்பாதைகள் எவ்வளவு சீரழிந்து துண்டுபட்டுக் கிடக்கின்றன என்பதை உலகறியச் செய்ததன் விளைவாக உருவான பெனைன் பிரிடில்வே. சுமார் 330 கிலோமீட்டர் நீளும் அத்தேசியப் பாதை குதிரைக்காகக் கேட்கப்பட்டது. அதைச் சைக்கிள்காரர்களும் பெரும் எண்ணிக்கையில் பயன்படுத்தி வருகின்றனர். இரண்டாவது விதமே இந்நாட்டின் சுபாவத்துக்கு ஒத்தது என்று எனக்குப் படுகிறது. காட்டில் செய்த தடத்தில் சாமர்த்தியம் இருக்கலாம், ஆனால் அது எங்கும் போய்ச் சேர்வதில்லை, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது.

பழுதுபார்ப்பைப் பற்றிய சச்சரவும் பழைமையிலிருந்தே கிளம்புகிறது. லாங்செட்டிலிருந்து டெர்வெண்ட் பள்ளத்தாக்குக்குச் செல்லும் கட் கேட் பாதை, டெர்வெண்ட் பக்கத்து விவசாயிகள் ஆடுகளைப் பெனிஸ்டன் சந்தைக்கு ஓட்டிச் சென்ற வழி. சதுப்பில் புதைந்துபோன அதன் பகுதிகளைச் செப்பனிட நடப்பவர், மலையேறுபவர், குதிரைக்காரர், சைக்கிள்காரர் அனைவரும் சேர்ந்து நிதி திரட்டினர். ரஷப் எட்ஜில் 2014-இல் கவுண்டி நிர்வாகம் பாறைப்படிகளை உடைகல் கொட்டிச் சமன் செய்யத் தொடங்கியபோதோ, அதே சைக்கிள்காரர்கள் அதை எதிர்த்தனர். கரடுமுரடைத் தேடி வருபவனுக்குச் சமன் செய்த பாதை எதற்கு என்பது அவர்கள் வாதம்.

வரைபடத்தில் ஏறாத பழைய குதிரைப்பாதைகள் இன்னும் எத்தனையோ உள்ளன. அவற்றைப் பதிவு செய்யக் கடைசி நாள் 2026 ஜனவரி 1 என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. 2023-இல் அக்கெடு 2031-க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. இந்த இழுபறிக்கிடையே குதிரைச் சங்கத்தாரும் சைக்கிள் சங்கத்தாரும் கவுண்டி ஆவணக் காப்பகங்களில் அருகருகே அமர்ந்து, பழைய நிலப்பங்கீட்டு ஆணைகளிலும் தசமபாக வரைபடங்களிலும், இன்ன வழி இத்தனை அடி அகலத்தில் குதிரைக்கு உரியது என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா எனத் தேடி வருகின்றனர்.