பாட்டி கதையும் சட்டப் புத்தகமும்

'அதெல்லாம் பாட்டி கதைப்பா' என்று நம்ம வீடுகளில் யாராவது சொன்னால், நம்பத் தேவையில்லை என்று பொருள். அந்தப் பாட்டி கதையைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தையே கேள்வி கேட்ட ஒருவரை இம்மலரில் அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் ஆஸ்திரேலியப் பழங்குடி எழுத்தாளரும் சட்டப் பேராசிரியருமான லாரிசா பெரென்ட்.

1969-இல் பிறந்த இவர் யுவாலேயாய், கமிலராய் மரபினர். இவருடைய பாட்டியைச் சின்ன வயதிலேயே அரசு குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விட்டது. பழங்குடிக் குழந்தைகளை அப்படிப் பிரிக்க அன்று சட்டமே இடம் கொடுத்தது. அந்தப் பாட்டியின் பேத்தி சட்டமே படிக்கப் போனார்! 1998-இல் ஹார்வர்டில் சட்ட முனைவர் பட்டம் பெற்றார். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இவரே. பிறகு சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1788-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறியபோது, 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்த மண்ணை யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல் நடத்தினார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கதைதானே? அதிகாரம் சொன்ன கதை என்பதால் சட்டமாகிவிட்டது. டோரஸ் நீரிணைத் தீவுக்காரரான எடி மாபோ தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்று நாட்டின் தலைமை நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார்.

பெரென்ட்டின் 'ஃபைண்டிங் எலைசா' (2016) என்ற நூல் இதே முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. 1836-இல் கப்பல் உடைந்து ஒரு தீவில் கரையேறிய எலைசா ஃப்ரேசர், 'காட்டுமிராண்டிகளிடம் சிக்கினேன்' என்று சொன்ன கதை லண்டன்வரை பரபரப்பாகப் பேசப்பட்டது. தீவுக்கும் ஃப்ரேசர் பெயரே நிலைத்தது. 'நாங்கள்தான் அவளைப் பராமரித்தோம்' என்பது பட்சுல்லா மக்களின் வாய்மொழி. அதை யார் கேட்டார்கள்? இத்தகைய கதைகள் பழங்குடியினரை அடக்கும் சட்டங்களுக்கு எப்படித் துணைபோயின என்று பெரென்ட் காட்டுகிறார். 2023-இல் தீவுக்குக் 'கர்ரி' என்ற பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது.

பாட்டிக்கு நேர்ந்த பிரிவு இவருடைய 'ஹோம்' (2004) நாவலுக்கு அடித்தளமானது. முதல் நாவலுக்கான காமன்வெல்த் வட்டாரப் பரிசும் அதற்குக் கிடைத்தது. சட்ட நூலில் அடங்காத துயரத்தை நாவலில் எழுதினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். பாட்டி பேசும்போது கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத வரலாறு அவர் வாயில் இருக்கலாம்.